பதினோரு மணிக்குக் காணாமல் போன எண்கள்

பெங்களூர் ஏர்போர்ட் ரோட்டில் ஒரு நாலு மாடிக் கட்டடம். அங்கே இயங்கிய நிறுவனத்துக்கு யார் போன் செய்தாலும், 1992-இலிருந்து பதினொரு வருடம், முதலில் கேட்டது தனக்கோடியின் குரலைத்தான். கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது அந்த நிறுவனத்தின் தொழில். முதலில் உள்ளூர் வேலைதான். பிறகு ஆஸ்திரேலியாவிலிருந்து வேலை வர ஆரம்பித்து, மெல்போர்னில் ஒரு சின்ன அலுவலகமும் திறந்தார்கள். வரவேற்பறைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத அறையில் டெலிபோன் போர்டு. அதன் முன்னால் தனக்கோடி.

அவள் தொம்மலூரிலேயே பிறந்து வளர்ந்தவள். சொக்கநாதசாமி கோயிலுக்குக் கீழே இருக்கிற சந்தில் வீடு. அல்சூரில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, டைப்பிங்கும் டெலிபோன் ஆபரேட்டர் கோர்ஸும் முடித்தவள். தமிழ், கன்னடம், உருது, இங்கிலீஷ் நாலிலும் தடுமாறாமல் பேசுவாள். அவளுடைய உண்மையான திறமை வாயில் இல்லை, காதில் இருந்தது. மழைநாளில் லைன் கரகரத்தால், ரோட்டோரக் குழியில் கேபிள் ஒட்டு நனைந்திருக்கிறது என்பாள். விடாமல் ஒரே சுருதியில் இரைந்தால், எங்கோ கரண்ட் கம்பி பக்கத்தில் போகிறது என்பாள். லைன்மேன் வந்து எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிட்டு, அவள் சொன்னதையே சொல்லிவிட்டுப் போவார்.

2003 ஆகஸ்டில் ஒருநாள், அட்மின் மேனேஜர் டென்சில் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். குக் டவுன் ஆங்கிலோ இந்தியர். நல்ல மனிதர். கெட்ட சேதி சொல்ல வேண்டியிருந்தால் முதலில் மேஜையில் இருக்கும் பேனாக்களை அடுக்குவார். அன்றைக்கும் அடுக்கினார்.

"போர்டை எடுக்கறாங்க, தனா. தீபாவளிக்கு முன்னால. இனிமே போன் எல்லாம் கம்ப்யூட்டர் ஒயர்லயே போகும். வெளியிலேர்ந்து கூப்பிட்டா மெஷினே பேசும். ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னு."

"அப்ப நான் எதை அமுக்கறது, சார்?"

டென்சிலுக்குச் சிரிப்பு வந்தது; அடக்கிக்கொண்டார். "உனக்கு ரிசப்ஷன்ல சீட் இருக்கு. கூரியர், விசிட்டர் புக். சம்பளம் குறையாது, நான் பேசிட்டேன்."

தனக்கோடி நன்றி சொல்லிவிட்டு வந்தாள். கூரியர் கவரில் கையெழுத்துப் போட்டு வாங்கி வைப்பது ஒன்றும் கேவலமான வேலை இல்லை. ஆனால் அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? மூன்று நாள் யோசித்தாள். நாலாம் நாள் மறுபடி டென்சில் முன்னால் போய் நின்றாள்.

"புது போனுக்கு ட்ரெய்னிங்னு நோட்டீஸ் ஒட்டியிருக்கீங்களே, சார். நானும் உக்காரட்டுமா?"

"அது நெட்வொர்க்காரங்களுக்கு, தனா. ரெண்டு நாளும் ஒரே டெக்னிகலா இருக்கும்."

"இந்த ஆபீஸ்ல போன் எப்ப கெட்டுச்சு, எப்படிக் கெட்டுச்சுன்னு என்னைவிட யாருக்குத் தெரியும்? பின்னாடி பெஞ்சுல உக்காந்துக்கறேன். வாயே திறக்க மாட்டேன்."

டென்சில் பேனாக்களைத் தொடவில்லை. சரி என்றார்.

பயிற்சி கொடுக்க வந்தவர் ரயில் வேகத்தில் இங்கிலீஷ் பேசினார். ஆளுக்கொரு தாள் கொடுத்தார். அதில் நாற்பது வார்த்தைகள். அவற்றில் சில தனக்கோடிக்குச் சட்டென்று பிடிபட்டன. பேச்சைப் பொடிப்பொடியாக நறுக்கி, ஒவ்வொரு துண்டின் மேலும் போய்ச்சேர வேண்டிய முகவரியை எழுதி அனுப்புகிறார்கள். அந்தத் துண்டுக்குப் பெயர் பாக்கெட். ஒவ்வொரு போனுக்கும் வீட்டுக் கதவு நம்பர் மாதிரி ஓர் ஐ.பி. முகவரி. எந்தத் துண்டு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று திருப்பிவிடுகிற பெட்டி ரௌட்டர். புது போனுக்கும் வெளியுலகத்துப் பழைய போனுக்கும் நடுவே நின்று மொழிபெயர்க்கிற பெட்டி கேட்வே. ஒரே நேரத்தில் எவ்வளவு போகலாம் என்கிற வழியின் அகலம்தான் பேண்ட்வித்த்.

ஜிட்டர் என்ற வார்த்தையில்தான் மாட்டிக்கொண்டாள். நெட்வொர்க் இன்ஜினியர் நாகேஷைக் கேட்டாள். ஹாசன் பக்கத்து ஆள். முப்பது வயதுகூட ஆகாதவன். தமிழைக் கன்னடத்தில் தோய்த்துத்தான் பேசுவான்.

"டிலே மாறிமாறி வர்றது, மேடம். அஷ்டே."

அந்த 'அவ்வளவுதான்' அவளுக்குப் போதவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மல்லேஸ்வரத்தில் ஒரு நிச்சயதார்த்தம். தனக்கோடியின் கணவன் கோவிந்தப்பா பி.எம்.டி.சி. பஸ் டிரைவர்; அவனுடைய அக்கா மகனுக்குப் பெண் பார்த்து முடிவாகியிருந்தது. தொம்மலூரிலிருந்து பதினொரு பேர், ஆளுக்கொரு சீர்த்தட்டு. எல்லோரும் ஒரே பஸ்ஸில் ஏற இடமில்லை. இரண்டு பேர் முதல் பஸ்ஸில் போனார்கள், ஐந்து பேர் அடுத்ததில். மீதிப்பேர் சிவாஜிநகர் போய் மாறினார்கள். மண்டபத்து வாசலில் முதலில் இறங்கியவர்களைப் பெண் வீட்டார் உள்ளே விடவில்லை. தட்டெல்லாம் வரிசையாக, மஞ்சள் குங்குமம் முன்னால் வர, ஒன்றாகத்தான் நுழைய வேண்டுமாம். ஆகவே வந்தவர்கள் வராதவர்களுக்காக சம்பிகே ரோட்டு வெயிலில் நின்றார்கள். மூன்றாவது தட்டுக்காரர் ஏழாவதாக வந்தார். ஒன்பதாவது தட்டு நாலாவதாக வந்தது. வந்தவர்களை அவரவர் இடத்தில் செருகி வரிசை போட்டார்கள். வாழைப்பழத் தட்டோடு வர வேண்டிய சின்னம்மா மட்டும் வரவே இல்லை. நேரமாகிறது என்று ஐயர் உள்ளேயிருந்து கூப்பிட்டதும், பத்துத் தட்டோடு உள்ளே போய்விட்டார்கள். ஒன்று குறைகிறது என்று சபையில் யாரும் கவனிக்கவில்லை.

வெற்றிலைத் தட்டைக் கையில் ஏந்தியபடி தனக்கோடி சிரித்துவிட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கோவிந்தப்பா கேட்டான். "சபையில நின்னுக்கினு இன்னாத்துக்கு அப்படிச் சிரிச்ச?"

"ஒரே வீட்லேர்ந்து ஒண்ணாத்தான் கெளம்பினோம். ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு நேரத்துக்கு வந்தோம் பாரு, அதான் ஜிட்டர். வாசல்ல நிக்கவெச்சு வரிசை பண்ணாங்க பாரு, அதுக்கு ஜிட்டர் பஃபர்னு பேரு. ரொம்ப நேரம் நிக்கவெச்சா முகூர்த்தம் தப்பிடும். நிக்கவெக்காம விட்டா தட்டெல்லாம் முன்னபின்ன போயிடும்."

"சின்னம்மா?"

"பாக்கெட் லாஸ்."

கோவிந்தப்பா ஜன்னல் வழியாக, பக்கத்தில் போன பஸ்ஸின் போர்டைப் பார்த்தான். "யஷ்வந்த்பூர் பஸ்ல ஏறியிருப்பாங்க. அந்தம்மாவுக்கு போர்டு படிக்க வராது" என்றான்.

அக்டோபர் மூன்றாம் வாரம் பழைய போர்டைக் கழற்றினார்கள். ஒவ்வொரு மேஜையிலும் சின்னத் திரை வைத்த கறுப்பு போன் வந்து உட்கார்ந்தது. தனக்கோடி ரிசப்ஷனுக்குப் போனாள். முதல் வாரம் போன்கள் நன்றாக வேலை செய்தன. இரண்டாம் வாரம் புகார்கள் ஆரம்பித்தன. எல்லாப் புகாரும் ஒரே மாதிரி இருந்ததுதான் பிரச்சினை.

"மேடம், எல்லாரும் லைன் சரியில்லைன்னுதான் சொல்றாங்க" என்றான் நாகேஷ். சாப்பாட்டு மேஜையில் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை. "அதை வெச்சுக்கினு நான் ஏனு மாட்லி, என்ன பண்றது? வயித்து வலின்னு சொன்னா டாக்டர் எங்க வலின்னு கேப்பார். இங்க கேட்டா, உன் வேலைதானேன்னு கோவம் பண்றாங்க."

மறுநாள் தனக்கோடி பழக்கத்தால் தன்னிடமே வந்த புகார்களை எடுத்துக்கொண்டு மாடிமாடியாக ஏறினாள். யாரையும் 'என்ன பிரச்சினை' என்று கேட்கவில்லை. கேள்வியை உடைத்துக் கேட்டாள். "நீங்க பேசறது உங்க காதுக்கே திரும்பி வருதா? வார்த்தை நடுவுல விழுங்கினாப்பல இருக்கா? நீங்க பேசி முடிச்சப்புறம் பதில் வர நேரமாகுதா? இல்ல, மொத்தமா சத்தமே இல்லையா?" திரும்பி வந்தால் எக்கோ. நேரமானால் லேட்டன்சி. விழுங்கினால் ஜிட்டரோ பாக்கெட் லாஸோ. ஒரே நாளில் 'லைன் சரியில்லை' என்ற பதினேழு புகார்கள் நாலு ஜாதியாகப் பிரிந்தன. நாகேஷ் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, அன்று மாலைக்குள் எக்கோ புகார்கள் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டான்.

மூன்றாவது மாடி சீதாலட்சுமியின் புகார் வேறு மாதிரி இருந்தது. கட்டமைப்புப் பிரிவின் தலைவி. பேச்சில் எப்போதும் அவசரம். "மெல்போர்ன்காரர் ட்ராயிங்கைப் பாத்துட்டுச் சொல்றேன்னு நிறுத்தறார். உடனே போன் செத்துப்போயிடுது, தனம். கட்டாயிடுச்சுன்னு நான் வெச்சுடறேன். அவர் என்னடான்னா, மூணு தடவை என் முகத்துல அடிச்சாப்பல வெச்சீங்கன்னு மெயில் போடறார்."

தனக்கோடி அந்த போனைக் காதில் வைத்துப் பார்த்தாள். லைன் கட்டாகவில்லை. எதிர்முனைக்காரர் பேசாதபோது துளிச் சத்தமும் இல்லை, அவ்வளவுதான். பழைய லைனில் யாரும் பேசாவிட்டாலும் மெல்லிய இரைச்சல் ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அதை வைத்துத்தான் மறுமுனையில் ஆள் இருப்பதை நம் காது நம்புகிறது. இதுவோ கிணறு மாதிரி இருந்தது. பயிற்சித் தாளில் முப்பத்திரண்டாவது வார்த்தை நினைவுக்கு வந்தது: கம்ஃபர்ட் நாய்ஸ். பயிற்சிக்காரர் அதை விளக்காமலே தாண்டிப் போயிருந்தார். நாகேஷிடம் சொன்னாள். யாரும் பேசாதபோது போனே மெல்லிய இரைச்சல் எழுப்புகிற வசதி அது; அணைத்து வைத்திருந்ததை அவன் தேடிப் பார்த்துத் திறந்துவிட்டான்.

"இப்ப யாரோ இருக்காங்கன்னு தெரியுது" என்றார் சீதாலட்சுமி. தனக்கோடி தன் நோட்டில் அந்த வார்த்தைக்கு எதிரே 'துணை இரைச்சல்' என்று எழுதிக்கொண்டாள்.

மிஞ்சியது ஒன்றுதான். ஆனால் அதுதான் பெரியது. தினமும் காலை பதினோரு மணி வாக்கில் மெல்போர்னுக்குப் பேசினால் வார்த்தைகள் உடைந்தன. மெல்போர்னில் அப்போது மாலை நாலரை. அவர்கள் வீட்டுக்குக் கிளம்புமுன் கடைசிச் சந்தேகங்களைக் கேட்கிற நேரம். வழி போதவில்லை என்று நாகேஷ் முடிவுக்கு வந்திருந்தான். இரண்டு மடங்கு அகலமான லைன் வாங்கக் காகிதம் தயாராகி, டைரக்டர் சீனிவாசராகவன் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடுவதாக இருந்தது.

மெல்போர்ன் அலுவலகத்தின் ரிசப்ஷனில் ஜூடித் என்று ஒருத்தி. 1988-இல் பெங்களூரிலிருந்து குடிபெயர்ந்து போன ஆங்கிலோ இந்தியப் பெண். பிரேசர் டவுன் தெருக்களில் பொறுக்கிய தமிழ் இன்னும் அவள் நாக்கில் இருந்தது. தனக்கோடியும் அவளும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஐந்து வருடமாகக் குரல்தான் பழக்கம்.

"ஜூடித், ஒரு உதவி வேணும். தினம் நாலு வேளை உன்னைக் கூப்பிடறேன். ஒண்ணுலேர்ந்து இருபது வரைக்கும் எண்ணுவேன். எது வரல்லையோ எழுதிக்கோ. அப்புறம் நீ எண்ணு, நான் எழுதிக்கறேன்."

"எந்த பாஷைல எண்ணணும், மேன்?"

"தமிழ்ல எண்ணு. மறந்துபோச்சா பாப்போம்."

பத்து மணிக்கு எண்ணினார்கள், இருபதும் வந்தன. பதினொன்று ஐந்துக்கு எண்ணினார்கள். "ஏழு வரல்ல" என்றாள் ஜூடித். "எட்டு பாதி. பதினொண்ணு, பன்னெண்டு ரெண்டும் காலி." பிறகு ஜூடித் எண்ணினாள். பதினெட்டைப் பதினேட்டு என்றதைத் தவிர ஒரு பழுதும் இல்லை. இருபதும் சுத்தமாகக் காதில் விழுந்தன. பன்னிரண்டு மணிக்கு எண்ணினால் இரண்டு பக்கமும் சுத்தம்.

ஒரு வாரம் இப்படியே போனது. பக்கத்தில் கூரியர்க்காரர்கள் நின்று, இந்த அம்மா யாருக்கோ எண் சொல்லிக்கொடுக்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தனக்கோடி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அங்கிருந்து வருவது உடையவில்லை. இங்கிருந்து போவது மட்டும்தான் உடைகிறது, அதுவும் பதினோரு மணியை ஒட்டி அரைமணி நேரம். வழியே குறுகலென்றால் எந்நேரமும் அல்லவா நெருக்க வேண்டும்? இங்கிருந்து புறப்படுகிற வழியில் அந்த நேரத்துக்கு மட்டும் யாரோ கூட்டமாக ஏறுகிறார்கள். யார்?

வியாழக்கிழமை பதினொன்று ஐந்துக்கு எண்ணியபோது, இருபதும் மெல்போர்ன் போய்ச் சேர்ந்தன.

"ஜூடித், இன்னிக்கு அங்க ஏதாவது விசேஷமா?"

"ஒண்ணும் இல்ல. உங்க ட்ராயிங்தான் இன்னும் வரல்ல. எல்லாரும் பிரிண்ட் எடுக்கக் காத்துட்டு இருக்காங்க. ஏன்?"

தனக்கோடி போனை வைத்துவிட்டு இரண்டாவது மாடிக்கு ஏறினாள். வரைபடப் பிரிவில் ரக்ஷிதா மட்டும் இருந்தாள். மற்றவர்கள் ஒரு கட்டடத்தைப் பார்க்க வைட்ஃபீல்டு போயிருந்தார்கள்.

"தினம் பதினோரு மணிக்கு நீங்க என்னம்மா பண்ணுவீங்க?"

"மெல்போர்னுக்கு ஃபைல் அனுப்புவோம், ஆன்ட்டி. அவங்க வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி கேப்பாங்க. எல்லாம் பெரிய பெரிய ஃபைல், போய்ச்சேர அரைமணி ஆகும். இன்னிக்கு டீம் வந்தப்புறம்தான்."

தனக்கோடி கீழே வந்து நாகேஷ் முன்னால் தாள்களைப் பரப்பினாள். நடந்ததைச் சொன்னாள். அவன் கம்ப்யூட்டரைத் திறந்து, லைனில் என்ன போயிற்று என்று காட்டுகிற கோட்டுப்படத்தை நாள்நாளாகப் பார்த்தான். அன்றைக்குத் தவிர ஒவ்வொரு நாளும் பதினோரு மணிக்குக் கோடு உச்சியில் போய் முட்டி, அரைமணி அங்கேயே நின்றது. முந்தின நாள்வரை அவனும் அந்த உச்சியைப் பார்த்திருக்கிறான். இடம் போதவில்லை என்றுதான் படித்திருக்கிறான்.

"ஹௌது, ஆமா, மேடம்" என்றான் கடைசியில். "பேச்சும் ஃபைலும் ஒரே வரிசையில நிக்குது. ஃபைல் ரெண்டு நிமிஷம் லேட்டாப் போனாலும் முழுசாப் போய்ச்சேரும். பேச்சு லேட்டானா குப்பை. பேச்சுக்குத் தனி வரிசை போட்டிருக்கணும். க்யூ.ஓ.எஸ்.னு ட்ரெய்னிங்லயே சொன்னாங்க. அப்புறமாப் பண்ணலாம்னு நான்தான் விட்டுட்டேன்."

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கே வந்து அந்த வரிசையைப் போட்டான். பதினோரு மணிக்கு ரக்ஷிதாவிடம், இருப்பதிலேயே கனமான ஃபைலை அனுப்பச் சொன்னார்கள். கோடு உச்சிக்கு ஏறியது. தனக்கோடி எண்ணினாள். நாகேஷ் நகத்தைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

"இருபதும் வந்தாச்சு" என்றாள் ஜூடித். "இன்னொரு தடவை எண்ணு, சும்மா கேக்க நல்லா இருக்கு."

ஃபைல் போய்ச்சேர வழக்கத்தைவிட நாலு நிமிடம் கூடுதலானது. யாரும் கேட்கவில்லை.

மத்தியானம் சீனிவாசராகவனின் அறையில் கூடினார்கள். லைன் காகிதம் மேஜையில் இருந்தது. நாகேஷ் நின்றபடியே, அந்தக் காகிதம் தேவையில்லை, தவறு தன்னுடையது, கண்டுபிடித்தது தனக்கோடி மேடம் என்று மூன்று வாக்கியத்தில் சொல்லி முடித்தான். தன் பெயரை அவன் அப்படி நேராகச் சொல்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"எனக்குப் புரியற மாதிரி ஒரு வரி சொல்லுங்கோ" என்றார் சீனிவாசராகவன், அவளைப் பார்த்து.

"ரோடு அதே ரோடுதான், சார். ஆம்புலன்ஸுக்கு மட்டும் ஒதுங்கி வழி விடறோம்."

அவர் தலையாட்டிவிட்டு டென்சிலைப் பார்த்தார். டென்சில் தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து எதையோ எழுதிக்கொண்டார். ஜனவரியில் தனக்கோடியின் மேஜை ரிசப்ஷனிலிருந்து நெட்வொர்க் அறைக்கு, நாகேஷின் எதிர்ப்பக்கத்துக்குப் போனது. வேலையின் பெயர் வாய்ஸ் சப்போர்ட். இந்த அறையில் ஜன்னல் இருந்தது. வெளியே ஒரு மழைமரம்.

அங்கே உட்கார்ந்து அவள் செய்த முதல் வேலை, ஒரே பக்கத்தில் ஒரு தாள் தயாரித்ததுதான். நாற்பது வார்த்தையில் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டாள். 'உங்கள் குரலே திரும்பி வந்தால் எக்கோ என்று சொல்லுங்கள். சொல் விழுங்கப்பட்டால் எந்த மணிக்கு என்று பார்த்துவைத்துச் சொல்லுங்கள்.' இப்படி எட்டு வரி. தமிழில், கன்னடத்தில், இங்கிலீஷில். கன்னடத்தை நாகேஷ் திருத்தினான். இங்கிலீஷை ஜூடித் திருத்தியதோடு, மெல்போர்னிலும் எல்லா மேஜையிலும் ஒட்டிவிட்டாள். அதன்பின் அந்த அலுவலகத்தில் 'லைன் சரியில்லை' என்று யாரும் சொன்னதில்லை என்று சொல்ல முடியாது. சீதாலட்சுமி கடைசிவரை அப்படித்தான் சொன்னார். மற்றவர்கள் சொல்லும்போது ஒரு பெயரோடு சொன்னார்கள்.

2006-இல் பொம்மனஹள்ளியில் நிறுவனத்தின் இரண்டாவது அலுவலகம் திறந்தபோது, அங்கே போன் முழுவதையும் தனக்கோடியின் பொறுப்பில் விட்டார்கள். வாரத்தில் மூன்று நாள் அங்கே வேலை. கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த ஆட்கள் அங்கே அதிகம். அவர்களோடு பேசுவது அவளுக்குப் பிடித்திருந்தது. மத்தியானம் ஒருவர் டப்பாவிலிருந்து ஒருவர் எடுத்துச் சாப்பிட்டார்கள்.

அந்த வருடமே கோவிந்தப்பாவுக்கும் ஓசூர் ரோட்டு வழித்தடத்தில் டியூட்டி மாறியது. செவ்வாயும் வியாழனும் அவன் ஓட்டுகிற பஸ்ஸில்தான் அவள் வேலைக்குப் போவாள். பெண்கள் வரிசையில் முதல் சீட். அவனுடைய முதுகுக்குப் பின்னால். வண்டி ஓட்டும்போது அவன் யாரோடும் பேசமாட்டான், மனைவியோடும்தான். சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் வண்டி நின்றுவிட்டால், கண்ணாடியில் அவளைப் பார்த்துப் புருவத்தை ஒருமுறை உயர்த்துவான். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்து, பரவாயில்லை என்று தலையசைப்பாள். பொம்மனஹள்ளி ஸ்டாப்பில் மற்றவர்களெல்லாம் இறங்கியபின் கடைசியாக இறங்கி, பஸ் கிளம்பும்வரை நின்று பார்த்துவிட்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு ரோட்டைக் கடப்பாள்.